பிணை: விதியும் விலக்கும்

பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு. இலங்கையின் 1997ஆம் ஆண்டு 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் இந்தக் கொள்கையின் மீதுதான் நிற்கிறது. சந்தேகநபர் தலைமறைவாவார், சாட்சிகளைக் கலைப்பார், மீண்டும் குற்றம் செய்வார் என்று நம்ப இடமிருந்தால் நீதவான் பிணையை மறுக்கலாம். மற்றபடி, தீர்ப்புக்கு முன்பே ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. இது எவ்வளவு உயர்ந்த கொள்கை என்பதைச் சிலாவத்துறை போன்ற ஒரு கரையோர ஊரில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் நிறையைச் சொல்வோம். அடிதடி வழக்கொன்றில் பிடிபட்ட மீனவரைப் பொலிஸார் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். நீதவான் சொந்தப் பிணையிலோ சரீரப் பிணையிலோ காசுப் பிணையிலோ அவரை விடலாம். சரீரப் பிணையில் முன்பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. சந்தேகநபர் வராமல் போனால்தான் பிணை நின்றவர் குறித்த தொகைக்குப் பொறுப்பு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பிணை முகவர் வாங்கும் கட்டணம், குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் திரும்பாது. நம்மிடம் அந்த வியாபாரம் இல்லை. ஊராரும் உறவினரும் ஒருவர் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையையே சட்டம் ஈடாக ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் அந்த நம்பிக்கையைக் கடதாசியில் காட்ட வேண்டியிருக்கிறது. அடையாள அட்டை, கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், சில வேளை பிரதேச செயலாளரின் மேலொப்பம். வெள்ளிக்கிழமை பின்னேரம் மன்னார் நீதிமன்றத்தில் பிணை கிடைத்தும், சான்றிதழ் கைக்கு வராவிட்டால் அந்த மனிதர் வவுனியாச் சிறைக்குத்தான் போவார். சிலாவத்துறை அமைந்துள்ள முசலிப் பகுதிக்கு இது இன்னும் கடினம். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்தில் வாழ்ந்து, போருக்குப் பின் திரும்பியவை. குடும்பத்தில் பாதிப்பேர் இங்கே, பாதிப்பேர் அங்கே. நிரந்தர வதிவிடம் எது என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல அவர்களால் முடியாது. இரண்டு பிணையாளிகளைத் தேட முடியாத ஏழை, சட்டம் பிணை தந்த பிறகும் உள்ளேயே இருக்கிறார்.

இதைவிடப் பெரிய குறை சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்களுக்கு இந்தப் பிணைச் சட்டம் பொருந்தாது. சிலாவத்துறையைச் சேர்ந்த கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே 16 அன்று அந்தச் சட்டத்தின் கீழ் கைதானார். அவருடைய ‘நவரசம்’ கவிதைத் தொகுப்பும் புத்தளத்துப் பாடசாலையொன்றில் அவர் கற்பித்ததும் சந்தேகத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டன. தடுப்புக்காவலிலும் விளக்கமறியலிலுமாக 19 மாதங்கள் போயின. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் உள்ளே இருந்த காலத்தில், சட்டமா அதிபரின் சம்மதமின்றி அவருக்குப் பிணை வழங்க நீதவானுக்கு அதிகாரம் இருக்கவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் தடுப்புக்காவலின் உச்ச எல்லையை 18 மாதங்களிலிருந்து 12 ஆகக் குறைத்தது. கைதாகி 12 மாதங்களாகியும் விசாரணை தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம் என்றது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது. சட்டத்தரணிக் கட்டணமும் பயணச் செலவும் சிலாவத்துறைக் குடும்பத்தின் தலையில்தான் விழுகின்றன. ஒரு வருடம் உள்ளே இருந்த பிறகே அந்தக் கதவும் திறக்கும்.

பாதுகாப்பு வழக்குகளில் சிலரைத் தடுத்துவைக்க வேண்டிவரும் என்ற வாதத்தில் நியாயமுண்டு. அப்படியானால் அந்தக் காரணத்தைப் பொலிஸார் நீதவான் முன் வைக்கட்டும். மறுப்பதற்கான அதிகாரம் பிணைச் சட்டத்திலேயே இருக்கிறது. எந்தச் சட்டத்தின் பெயரைப் பொலிஸ் எழுதுகிறது என்பது ஒருவரின் விடுதலையைத் தீர்மானிக்கக் கூடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் இடத்தில் எது வந்தாலும், பிணையைத் தீர்மானிக்கும் அதிகாரம் முதல் நாளிலிருந்தே நீதவானிடம் இருக்க வேண்டும். ஏழைகளுக்குச் சொந்தப் பிணையே முதல் தெரிவாக வேண்டும். இவை இரண்டும் நடக்கும்வரை, பிணையே விதி என்ற வாக்கியம் சிலாவத்துறைக்கு முழு உண்மை ஆகாது.