முந்நூறு பொன் வைரம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் மேசையில் ஒரு கேரக்டர் செத்து விழுந்தால் எல்லோர் கண்ணும் ஒரே ஆள்மேல் போகும்: கிளெரிக், அதாவது பூசாரியாக ஆடுபவர். 'ரிவிவிஃபை' மந்திரம் அவரிடம்தான் இருக்கும். செத்த ஒரு நிமிஷத்துக்குள் போட்டால் உயிர் திரும்பிவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: "வைரம் வாங்கி வச்சிருக்கியா?"

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி அந்த மந்திரத்துக்கு 300 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும். மந்திரம் போட்டதும் வைரம் காலி. வீட்டில் நண்பர்களோடு ஆடும்போது இது பெரிய விஷயமில்லை. "போன ஊர்லயே வாங்கிட்டேன்னு வச்சுக்குவோமே" என்று கெஞ்சினால் ஆட்டம் நடத்துபவர் இறங்கி வந்துவிடுவார்.

அட்வென்ச்சரர்ஸ் லீகில் அந்தப் பேச்சு எடுபடாது. ஐந்தாம் பதிப்போடு சேர்ந்தே தொடங்கிய ஒழுங்கமைக்கப்பட்ட ஆட்டம் அது. கடைகளிலும் மாநாடுகளிலும் முன்பின் தெரியாதவர்கள் கூடி ஆடுவார்கள். இன்று ஒரு மேசையில் ஆடிய கேரக்டரை அடுத்த வாரம் வேறு ஊர் மேசைக்குக் கொண்டுபோகலாம். அதனால் எவ்வளவு பொன் வந்தது, என்ன வாங்கினோம் என்பதெல்லாம் லாக்ஷீட்டில் இருக்க வேண்டும். எழுதாத வைரம் இல்லாத வைரம்.

'மந்திரவாதியா இருக்க வந்தா மளிகைக் கணக்கு எழுத வைக்கிறாங்களே' என்று பலருக்கும் எரிச்சல். எனக்கும் இருந்தது. ஆனால் என் புகார் இப்போது வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது.

மந்திரப் பொருள்களின் பட்டியலைப் படித்திருக்கிறீர்களா? நெருப்புப் பந்துக்கு வௌவால் எச்சமும் கந்தகமும். வெடியுப்பு வௌவால் எச்சத்திலிருந்து கிடைக்கும். ஆக இது பாதி வெடிமருந்து. மின்னலுக்கு ஒரு துண்டு ரோமமும் கண்ணாடிக் கோலும்: பள்ளிக்கூடத்து நிலைமின்னியல் பாடமேதான். மனதைப் படிக்க ஒரு செப்புக்காசு. யோசனையில் மூழ்கியிருப்பவரிடம் ஒரு பென்னி தருவதாகச் சொல்லி நினைப்பைக் கேட்கும் ஆங்கில வழக்கை வைத்துச் செய்த குறும்பு. இந்த மாதிரி விளையாட்டு 1978 புத்தகத்திலிருந்தே இருக்கிறது.

ஆனால் 25 பொன் கொடுத்து ஒரு பை வாங்கிவிட்டால், விலை போடாத பொருள்கள் எல்லாம் அதற்குள் இருப்பதாகக் கணக்கு. வௌவாலை யாரும் நினைப்பதே இல்லை. சிரிப்பு இலவசமானதும் மறந்துபோனது. விலைச்சீட்டு உள்ளவை மட்டும் நினைவில் நின்றன. வடிவமைப்பில் இது ஒரு இழப்புதான்.

ஆனால் அந்த விலைதான் லீக் மேசையில் கதையாகிறது. கிளெரிக் தன் சொந்தப் பொன்னில் வாங்கிய வைரத்தை, இனி பார்க்கவே போகாத ஒருவருக்காகக் கரைக்க வேண்டும். வைரம் இல்லாவிட்டால்? தொடக்ககால லீக் விதிகளில், செத்தவரைக் கோயிலில் எழுப்ப 1,250 பொன். கூட ஆடியவர்கள் பங்கு போடலாம். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நான்காம் நிலை வரை உள்ளவருக்கு, அவர் சேர்ந்திருக்கும் அணியே தர்மமாகச் செலவைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அன்றைய ஆட்டத்தின் அனுபவப் புள்ளியும் பரிசும் போய்விடும். இந்த நாலு வரி விதியில் எத்தனை சாகசக் கதைகளைவிட அதிகமான மனித சுபாவம் இருக்கிறது!

2018-ல், எட்டாம் பருவத்தில், சாகசத்தில் கிடைத்த பொன்னைப் பங்கு போடும் முறையை எடுத்துவிட்டுப் புதையல் புள்ளிகளைக் கொண்டுவந்தார்கள். புரோகிராம் எழுதுகிறவனுக்கு அதன் நியாயம் புரியும். ஒரு சாகசம் பொன்னை வாரி இறைக்கும், இன்னொன்று கிள்ளிக் கொடுக்கும். எல்லா மேசையும் சமமாக இருக்க வேண்டுமென்றால் எண்களைச் சீராக்கத்தான் வேண்டும். ஆனால் குகையில் அடிபட்டு எடுத்த பொன் வைரமாகி, அந்த வைரம் இன்னொருவரின் உயிராகிற சங்கிலி அதில் அறுந்தது. விதிகள் பிறகும் மாறின. என் வருத்தம் அப்படியே இருக்கிறது.

முழுத் தகட்டுக் கவசத்தின் விலை 1,500 பொன். மாட்டிக்கொண்டால் கிளெரிக்கைச் சுலபமாக யாராலும் வெட்ட முடியாது. அதே காசுக்கு ஐந்து வைரம் வரும். ஒன்றைக்கூடத் தனக்காகத் தானே போட்டுக்கொள்ள முடியாது. யாராவது லாக்ஷீட்டை நீட்டினால் நான் முதலில் தேடுவது, இந்த இரண்டில் எதை வாங்கியிருக்கிறார் என்பதைத்தான்.