ஓர் அடிக்குப் பத்து மூச்சு

காரக்கோணத்தில் பஸ் நின்றால், இறங்குகிறவர்களில் பாதிப்பேர் கையில் எக்ஸ்ரே உறை இருக்கும். வெள்ளறடையிலிருந்தும் பாறசாலையிலிருந்தும், எல்லைக்கு அந்தப்புறம் களியக்காவிளையிலிருந்தும் வருகிறவர்கள். "மெடிக்கல் காலேஜ்" என்று கண்டக்டர் கூவுவார். முழுப்பெயர் சொல்ல அவருக்கு நேரம் கிடையாது. டாக்டர் சோமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி, 2002இல் தொடங்கியது. சோமர்வெல் யார் என்று கேட்டால், நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் என்று வயதானவர்கள் சொல்லிவிடுவார்கள். தன் தாத்தாவுக்கு வயிறு கீறியவர் என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னதுண்டு. எவரெஸ்டில் சுமார் 8,500 மீட்டர் வரை ஏறித் திரும்பிய மனிதர் அவர் என்று சொன்னவரை இன்னும் நான் சந்திக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்போதெல்லாம் அந்த மலையேறியைத்தான் நினைத்துக்கொள்வேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே மனிதர்கள் ஏன் ஏறுகிறார்கள், குதிக்கிறார்கள், பறக்கிறார்கள் என்ற கேள்விக்கு சோமர்வெல்லோடு எவரெஸ்ட் ஏறிய மல்லோரி நியூயார்க் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் சொன்ன மூன்று சொல் பதில், "ஏனென்றால் அது இருக்கிறது", உலகப் புகழ்பெற்றது. எனக்கு அதில் நிறைவில்லை. சோமர்வெல்லின் வாழ்க்கையில் இன்னும் நல்ல பதில் இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கும் கண் எனக்கு எங்கள் வீட்டுப் பனைமூட்டில் கிடைத்தது.

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒன்பது பனை நின்றன. அக்கானி என்கிற பதநீர் இறக்கும் காலத்தில் விடியுமுன்னே ஒருவர் வருவார். முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து, அதில் ஏறி, திளாப்பு என்கிற நார்வளையத்தைப் பாதங்களில் மாட்டி மரத்தை அணைத்துக்கொள்வார். ஐந்தாறு மாடி உயரத்தில் மட்டைகளுக்கிடையே புகுந்து அவர் பாளை சீவுவதைத்தான் நாங்கள் வாய்பிளந்து பார்ப்போம். ஒருநாள் பாட்டி சொன்னாள்: "மேல என்னத்துக்குலே பாக்கே? காலப் பாரு."

பார்த்தேன். கை அணைக்கும், உடம்பு நீளும், இரண்டு பாதமும் சேர்ந்து மேலே வந்து மரத்தைக் கவ்வும், மறுபடி கை. ஒவ்வொரு முறையும் அதே அளவு. அடியில் இருந்த வேகமே உச்சியிலும். கச்சேரியில் பிருகாவுக்குக் கைதட்டுகிறவர்கள் உண்டு. காலப்பிரமாணம் கடைசிவரை அசையாமல் நிற்பதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களும் உண்டு. பாட்டி இரண்டாவது வகை. மழை பெய்த மறுநாள் அந்த மனிதர் மரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். சில நாள் ஏறாமலே போய்விடுவார். அதையும் கலையில் சேர்த்தே பாட்டி மதித்தாள்.

இந்தக் கண்ணோடு 1924 ஜூன் 4ஆம் தேதியைப் பார்க்க வேண்டும். எவரெஸ்டின் வடக்கு முகத்தில், ஏறக்குறைய 8,170 மீட்டரில் இருந்த ஆறாம் முகாமிலிருந்து எட்வர்ட் நார்ட்டனும் சோமர்வெல்லும் புறப்பட்டார்கள். முதுகில் ஆக்சிஜன் உருளை இல்லை. நிற்காமல் 20 அடி நடந்துவிட வேண்டும் என்பது நார்ட்டனின் ஆசை. 13ஐத் தாண்டியதாக அவருக்கு நினைவில்லை. சோமர்வெல்லின் கணக்கு இன்னும் நுணுக்கமானது: ஓர் அடிக்கு 7, 8, சில சமயம் 10 முழுமூச்சு. உலகத்தின் மிக உயரமான இடத்தில் மனித முயற்சி இவ்வளவு சிறியதாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு பாதத்தைத் தூக்கி, சரிந்த பாறைமேல் வைத்து, அது நிற்கிறதா என்று பார்த்து, பத்துமுறை மூச்சு வாங்க வேண்டும். அதற்குள் கடனோ வழக்கோ நாளையோ எதுவும் நுழைய இடமில்லை. மனம் முழுவதும் பாதத்துக்கு வந்துவிடுகிற அந்த நிலைக்காகத்தான் மனிதர்கள் மலைக்குப் போகிறார்கள் என்று நான் நம்புகிறேன். ஆபத்து அந்த நிலைக்குக் காவல் நிற்கிறது. கவனம் கொஞ்சம் கலைந்தாலும் மலை விடாது.

தொண்டை முற்றிலும் பழுதாகி, சோமர்வெல் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் தனியே 8,573 மீட்டர் வரை போய்த் திரும்பினார். ஆக்சிஜன் உதவியின்றி அதைவிட உயரம் போக மனிதர்களுக்கு 1978 வரை, மெஸ்னரும் ஹாபெலரும் உச்சியைத் தொடும்வரை, ஆயிற்று.

இறங்கும் வழியில் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைப்பது. சோமர்வெல்லின் கையிலிருந்து பனிக்கோடரி நழுவி உருண்டு போயிற்று. கூடாரக் கம்பு ஒன்றை ஊன்றிக்கொண்டு நடந்தார். இருட்டும் நேரத்தில் தொண்டைக்குள் எதுவோ அடைத்துக்கொண்டது. மூச்சு போகவில்லை, குரலும் எழவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த நார்ட்டனைக் கூப்பிட வழியில்லாமல் பனியில் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தார். கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் தன் மார்பை ஓங்கி அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. குளிரில் செத்து உரிந்த, அவருடைய குரல்வளையின் உட்சவ்வு அது. இரத்தம் துப்பினார், பல நாளாக இல்லாத அளவுக்குத் தாராளமாக மூச்சு விட்டார்.

அந்த நேரத்தில் கீழே நின்ற நார்ட்டன் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் தெரியுமா? அந்திவெளிச்சத்தைப் பார்த்ததும் சோமர்வெல் படம் வரைய உட்கார்ந்துவிட்டார் போலும் என்று! அப்படி நினைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. சோமர்வெல் போகிற இடமெல்லாம் வரைந்தவர். திபெத்திய மெட்டுகளையும் ஸ்வரப்படுத்தியவர். அந்தப் பயணத்தைப் பற்றிய மௌனப்படத்தோடு இசைக்க அவை பயன்பட்டன. அவ்வளவு உயரத்தில் ஒருவன் பின்தங்கினால், அழகைப் பார்த்து நின்றிருப்பான் என்று கூட்டாளிக்குத் தோன்றுகிறது. மலையேற்றத்தைக் கலை என்று சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்தக் கலையில் ஒரு கறை உண்டு. அதை மறைத்துவிட்டு ரசிப்பது எனக்கு முடியாது.

அதைப் பார்க்கக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். சோமர்வெல் எவரெஸ்டுக்கு வந்தது போர்க்களத்திலிருந்து. 1916இல் பிரான்சில் சோம் போரின்போது அவர் ராணுவ அறுவை மருத்துவர். காயம்பட்டவர்கள் ஏக்கர்கணக்கில் படுத்துக் கிடக்க, யாரை முதலில் மேசைக்கு எடுப்பது என்று சில நிமிடங்களில் முடிவு செய்யவேண்டிய இடம். மல்லோரியும் நார்ட்டனும் அதே போரைக் கண்டவர்கள்தான். அக்காலத்து எவரெஸ்ட் ஆட்களைப் போரோடு சேர்த்து வாசிக்க வைத்தவர் வேட் டேவிஸ். அவர் புத்தகத்தை மூடியபின் எனக்கு ஒன்று தோன்றியது. குண்டு விழும் இடத்தில் ஒருவனுடைய திறமைக்கும் ஜாக்கிரதைக்கும் மதிப்பே இல்லை. பாறையில் உண்டு. பிடி சரியாக இருந்தால் நிற்கலாம். உயிர் மறுபடி தன் கைக்கு வந்ததுபோல அவர்களுக்கு இருந்திருக்கும்.

1922 ஜூன் 7 அந்த நம்பிக்கையை உடைத்தது. அவ்வாண்டு எவரெஸ்ட் பயணத்தில், மூன்றாம் உச்சி முயற்சிக்காக வடக்குக் கணவாய்க்கு ஏறும்போது, புதுப்பனி விழுந்திருந்த சரிவு பெயர்ந்தது. மல்லோரியும் சோமர்வெல்லும் அவர்களுடைய கூட்டாளி கிராஃபோர்டும் தப்பினார்கள். சுமை தூக்கி வந்தவர்களில் 7 பேர் செத்தார்கள். முதலாளிகளின் கணிப்புப் பிழைத்தது, கூலியாட்கள் உயிர் கொடுத்தார்கள். தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று சோமர்வெல் பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். இது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் செத்த 16 பேரும் மற்றவர்களின் ஏற்றத்துக்காக வழி அமைத்துச் சுமை கொண்டுபோன தொழிலாளர்கள். ஒரு சாகசத்தைப் பாராட்டுமுன் அதன் சுமை யார் தோளில் என்று பார்க்காத ரசனையை நான் ரசனை என்று ஒப்புவதில்லை.

1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய சோமர்வெல், தென் திருவிதாங்கூரில் நெய்யூருக்கு வந்தார். லண்டன் மிஷன் 1838இல் அங்கே தொடங்கிய மருத்துவப் பணிக்கு அப்போது இருந்த அறுவை மருத்துவர் ஒருவர்தான். வாசலில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த பெரிய பதவியை விட்டுவிட்டு 1923இல் இங்கேயே வந்து சேர்ந்தார். மலையை வெறுத்துவிட்டு வந்தார் என்று நினைத்தால் தவறு. அடுத்த ஆண்டே நெய்யூரிலிருந்து எவரெஸ்டுக்குப் போனார்.

அங்கே அந்தக் கறைக்கு அவர் கைதான் பதில் சொன்னது. உச்சி முயற்சிக்கு 11 நாள் முன்பு, 1924 மே 24. நான்கு சுமையாட்கள் வடக்குக் கணவாய் முகாமில் பனியில் சிக்கிக்கொண்டார்கள். உடல் நலிந்திருந்த நார்ட்டன், மல்லோரி, சோமர்வெல் மூவரும் உச்சித்திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஏறினார்கள். பெயரத் தயாராக இருந்த கடைசிச் சரிவில் சோமர்வெல் கயிற்றோடு முன்னால் போனார். கயிறு சில கஜம் எட்டவில்லை. இரண்டு பேர் எப்படியோ வந்துவிட்டார்கள். அடுத்த இரண்டு பேரின் காலடியில் பனி நழுவி, பள்ளத்தின் விளிம்புக்குமேல் நின்றது. சோமர்வெல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியை ஊன்றி அதில் கயிற்றைச் சுற்றி, முனையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி, ஒவ்வொருவரையும் பிடரியில் பிடித்து இழுத்து எடுத்தார்.

8,573 மீட்டரைவிட எனக்கு அந்தச் சில கஜம் பெரிது. பிடி தெரிந்த கை மட்டுமே அவ்வளவு நீள முடியும்.

அதே கை பிறகு ஏறக்குறைய இருபதாண்டு நெய்யூரில் கத்தி பிடித்தது. மரச்சீனியும் மீனும் தின்ற இந்த நாட்டு மக்களிடம் அதிகமாகக் கண்ட குடற்புண்ணுக்கு ஏராளமான அறுவைகள் செய்து, அதைப் பற்றி மருத்துவ இதழிலும் எழுதினார். பிறகு வேலூரில் கற்பித்தார். 1961இல் ஊர் திரும்பி, 1975இல் இங்கிலாந்தின் ஏரிநாட்டில் காலமானார். 1922 குழுவினருக்கு 1924 ஷமோனி குளிர்கால ஒலிம்பிக்கில் மலையேற்றத்துக்காகப் பதக்கம் கொடுத்தார்கள். அதில் ஒன்று அவருடையது.

மருத்துவக் கல்லூரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் வெள்ளறடைக் குரிசுமலையும் காளிமலையும் இருக்கின்றன. நோன்பு நாளில் ஒன்றில் சிலுவையோடு ஏறுவார்கள், சித்ரா பௌர்ணமிக்கு மற்றதில். நான் இரண்டிலும் ஏறியிருக்கிறேன். பாட்டி சொன்னபடி முன்னால் போகிறவர் காலைப் பார்த்துக்கொண்டே.

வீட்டில் ஒரு படத்தைப் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன். 1924 ஜூன் 4, நண்பகலை ஒட்டிய நேரம். ஓட்டுக்கூரைபோலச் சரிந்த பாறை அடுக்குகள்மேல் நார்ட்டன் ஒற்றையாக நிற்கிறார். அடுத்த அடியை இன்னும் வைக்கவில்லை. தொண்டை வெந்து, ஓர் அடிக்குப் பத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சோமர்வெல், கேமராவை ஆடாமல் பிடித்து எடுத்த படம் அது.