மெல்லத் தொடங்கும் மோட்டார்: அடாப்டர் எதற்கு உதவும், எதற்கு ஆகாது

ஜெர்மனியில் வாடகை வீட்டின் நிலவறையில் பெரிய ஆங்கிள் கிரைண்டரை ஓட்டுபவர்களுக்குப் பழக்கமான தொல்லை இது. சுவிட்சைப் போட்டதும் எம்.சி.பி. விழுந்துவிடும். இங்கே பிளக் பாயின்ட்டுகளுக்குப் பெரும்பாலும் பி16 வகைதான். 16 ஆம்பியரின் 3 முதல் 5 மடங்கு, அதாவது 48 முதல் 80 ஆம்பியர் வந்தால் அது உடனே துண்டித்துவிடும். நின்றிருக்கும் மோட்டாரில் எதிர் மின்னழுத்தம் உருவாகாததால், கிளம்பும்போது கரண்ட்டைப் பல மடங்கு இழுக்கும்.

இதற்காக 'ஆன்லாவ்ஃப்ஷ்ட்ரோம்பெக்ரென்ட்ஸர்' என்ற பெயரில் விற்கும் 16 ஆம்பியர் அடாப்டரைச் சோதித்தேன். சுவரில் அதைச் செருகி, அதில் கருவியைச் செருக வேண்டும். உள்ளே இருக்கும் மின்தடை கணநேரம் கரண்ட்டை மட்டுப்படுத்தும். பிறகு ரிலே அதை விலக்கிவிட்டு முழு 230 வோல்ட்டையும் கொடுக்கும்.

கார்பன் பிரஷ் உள்ள கிரைண்டரில் பலன் அருமை. எம்.சி.பி. விழவில்லை. அதைவிட முக்கியம், கிளம்பும்போது மணிக்கட்டை முறுக்கும் அந்த வெட்டல் அடங்கிவிட்டது. கையில் பிடித்து வேலை செய்பவருக்கு இது பாதுகாப்பு விஷயம், இதற்காகவே வாங்கலாம். மெட்டாபோ, ஃபெஸ்டூல் போன்றவர்களின் பல கருவிகளில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அவற்றுக்கு அடாப்டர் வேண்டாம்.

ஏர் கம்ப்ரசரில் கதை வேறு. அதில் இருப்பது கெபாசிட்டர் வைத்த இண்டக்‌ஷன் மோட்டார். தொட்டியில் காற்றழுத்தம் இருந்தபோது உறுமிக்கொண்டே நின்றது, உடனே அணைத்துவிட்டேன். இத்தகைய மோட்டாருக்கு வோல்டேஜ் பாதியானால் முறுக்குவிசை கால்பங்காகிவிடும். வேகம் ஏறத் தாமதமானால் ஸ்டார்ட்டிங் காயிலும் கெபாசிட்டரும் இணைப்பிலேயே இருந்து சூடேறும். காயில் கருகவும் வாய்ப்புண்டு. நம் ஊர் சிங்கிள் ஃபேஸ் போர்வெல் மோட்டாருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கம்ப்ரசருக்குச் சரியான வழி, நின்றதும் குழாயிலுள்ள அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முதலில் பார்ப்பது. அடுத்தது சி16 எம்.சி.பி. ஆனால் அது உடனே விழ 160 ஆம்பியர் வரை தேவைப்படலாம். ஷார்ட் சர்க்யூட்டில் அவ்வளவு கரண்ட் பாயுமளவுக்கு வயரிங் இருக்கிறதா என்று அளந்து பார்த்தே மாற்ற வேண்டும். அது பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை, நீங்களே கை வைக்காதீர்கள்.

கார்பன் பிரஷ் உள்ள கிரைண்டர், மரம் அறுக்கும் ரம்பம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கம்ப்ரசர், ஃப்ரிட்ஜ், பம்ப் என்றால் வேண்டாம்.