எம்மாவும் கமலாம்பாளும்: மொழிபெயர்ப்பில் விழுந்துபோகும் மனசு

வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமையர் 1893 முதல் 1895 வரை ‘விவேகசிந்தாமணி’யில் தொடராக எழுதிய நாவலுக்கு இரட்டைத் தலைப்பு: ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. நாம எல்லாரும் இரண்டாவது பாதியை வைத்துக்கொண்டோம். 1998-இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பு ‘தி ஃபேட்டல் ரூமர்’. அபவாதம் தங்கியது, கமலாம்பாள் தலைப்பிலிருந்து போய்விட்டாள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்பப் படித்தபோது கோபம் குறைந்தது. பழி விழுவது கமலாம்பாள்மேல். ஆனால் பிற்பகுதியில் கதை பெரிதும் முத்துஸ்வாமி ஐயரின் துக்கத்தோடும் ஆன்மிகத் தேடலோடும்தான் நடக்கிறது. அவள் பெயர் கொண்ட நாவலில் அவள் மனசுக்குக் கிடைத்த இடம் குறைவு. பிளாக்பர்ன் தலைப்பு அந்த உண்மையைத் தெரியாமலோ தெரிந்தோ சொல்லிவிடுகிறது.

இதற்கு எதிர்முனை ஜேன் ஆஸ்டின். 1815 டிசம்பரில் வெளிவந்த ‘எம்மா’ முழுக்கப் படர்க்கையில்தான் இருக்கிறது. ஆனாலும் நாம் இருப்பது எம்மாவின் தலைக்குள். பாக்ஸ் ஹில்லில் ஏழை மிஸ் பேட்ஸைக் கேலி செய்கிறாள். நைட்லி கண்டிக்கிறார். வண்டியில் வீடு திரும்பும்போது அழுகிறாள். அங்கே ஆஸ்டின் ‘அவள் நினைத்தாள்’ என்று ஒவ்வொரு வரிக்கும் முட்டுக் கொடுப்பதில்லை. சொல்வது ஆசிரியரா எம்மாவா என்று பிரிக்க முடியாது.

அந்தப் பக்கத்தை நானே தமிழாக்கிப் பார்த்தேன். முதலில் எழுதியது இந்த மாதிரி: “‘நான் எப்படி அப்படிப் பேசினேன்’ என்று எம்மா நினைத்தாள்.” பொருள் சரி, உயிர் இல்லை. மேற்கோள் குறியும் ‘என்று’வும் சேர்ந்து அவளை வெளியே நிறுத்தி வாக்குமூலம் வாங்குகின்றன. பிறகு மாற்றினேன்: “தான் எப்படி அப்படிப் பேசலாம்? அதுவும் மிஸ் பேட்ஸிடம்!”

வேலையைச் செய்தது ‘தான்’ என்ற ஒரே சொல். ‘நான்’ என்றால் அவள் பேசுகிறாள். ‘அவள்’ என்றால் நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம். ‘தான்’ நடுவில் நின்று இரண்டு குரலையும் தாங்குகிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தனிப் பிரதிபெயர் கிடையாது, ‘ஷி’யை வைத்தே ஒப்பேற்ற வேண்டும். நம்மிடம் கருவி கையிலேயே இருக்கிறது.

ஒரு பெண் பாத்திரத்தின் மனசு மொழிபெயர்ப்பில் போய்விட்டது என்றால் மொழியைக் குறை சொல்ல வேண்டாம். பக்கத்துக்கு எத்தனை ‘என்று நினைத்தாள்’ என்று எண்ணிப் பாருங்கள். பாதியை அடித்தாலே அவள் திரும்பி வந்துவிடுவாள்.