நெடிய ஆட்டம் யாருக்கு உரியது?

மாத்தளை மாவட்டத்தின் வடபாகத்தில், குளத்தையும் குகைக் கோயில் அமைந்த கற்பாறையையும் நோக்கியவண்ணம் ஒரு சர்வதேச கிரிக்கெட் அரங்கு நிற்கின்றது. ரங்கிரி தம்புள்ளை விகாரைக்கு உரிய அறுபது ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, 167 நாட்களில் அது கட்டிமுடிக்கப்பட்டதாகப் பெருமையுடன் கூறுவர். நாட்டின் ஏனைய பகுதிகளில் மழை கொட்டும் மாதங்களிலும் வறண்ட வலயத்திலே பந்தயம் நடத்தலாம் என்பது அதனை அங்கு அமைத்தமைக்குக் காட்டப்பட்ட காரணம். 2001 மார்ச்சில் இலங்கையும் இங்கிலாந்தும் அங்கே முதலாவது ஒருநாள் பந்தயத்தில் மோதின. 2010இல் ஆசியக் கிண்ணப் போட்டிகள் யாவும் அவ்வரங்கிலேயே நடந்தேறின. ஆயினும் 2025 முடிய, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலத்தில், அங்கே ஒரு டெஸ்ட் பந்தயமேனும் நடைபெற்றதில்லை.

இதே மாத்தளையிற்றான் 1977 ஒக்டோபரில் குமார் சங்கக்கார பிறந்தார். 134 டெஸ்ட் பந்தயங்களில் 12,400 ஓட்டங்கள் குவித்த அவர், 2006 ஜூலையில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக மஹேல ஜயவர்தனவுடன் இணைந்து மூன்றாவது விக்கெட்டுக்கு 624 ஓட்டங்கள் சேர்த்தார். ஒரு பகற்பொழுதுக்குள் முடிந்துவிடும் ஆட்டத்தில் அத்தகைய இணைப்புக்கு இடமே இல்லை. அவர் பிறந்த மாவட்டத்தின் அரங்கு அவருடைய கலையின் சிறிய பகுதியை மாத்திரமே கண்டது.

ஓர் இலக்கிய ஏட்டிலே பந்தும் துடுப்பும் பற்றி எழுதுவதேன் என்று வினவுவோர்க்கு ஒரு சொல். திரினிடாட்டில் பிறந்து, ஆசிரியத் தொழிலும் புரிந்து, மார்க்சியச் சிந்தனையாளராய் விளங்கிய சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் 'எல்லைக்கோட்டுக்கு அப்பால்' என்னும் பொருள்படும் தலைப்பில் கிரிக்கெட் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். மேற்கிந்தியத் தீவுகளின் அணிக்குக் கறுப்பினத்தவரான பிராங்க் வொரெல் தலைவராதல் வேண்டும் என்று பத்திரிகையில் இயக்கம் நடத்தி, அது நிறைவேறக் கண்டவரும் அவரே. மக்கள் நெஞ்சைப் பறிகொடுக்கும் எதனையும் விமரிசனத்துக்குப் புறம்பானது என ஒதுக்குதல் முற்போக்காளர்க்கு அழகன்று.

இன்று கிரிக்கெட் உலகில் ஒரு சொல் பெரிதும் புழங்குகின்றது: சமநிலை. ஐந்து நாள் ஆட்டமும் வேண்டும், ஐம்பது ஓவரும் வேண்டும், இருபது ஓவரும் வேண்டும். மூன்றையும் சமநிலையில் வைத்துப் பேணல் வேண்டும் என்று நிர்வாகிகளும் வர்ணனையாளர்களும் ஒரே குரலிற் கூறுகின்றனர். கேட்பதற்கு இனிமையான சொல்தான். தராசின் தட்டுகள் எங்கே தொங்குகின்றன, அதனைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்ற வினாக்களை அச்சொல் எழவிடுவதில்லை என்பதே எமது முறைப்பாடு.

சுருக்கம் குறையன்று. இதனைத் தமிழ் பயின்றார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. எட்டுத்தொகையின் அகநூல்களை நம் முன்னோர் அடியளவு கொண்டு வகுத்தனர். மூன்றடி முதல் ஆறடி வரை ஐங்குறுநூறு. நான்கு முதல் எட்டு வரை குறுந்தொகை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. ஐங்குறுநூற்றிலே குறிஞ்சி நூறும் பாடிய கபிலரே 261 அடியிற் குறிஞ்சிப்பாட்டையும் பாடினார். ஒருவரே இரண்டும் பாடினார். ஒன்று மற்றொன்றைக் கொல்லவில்லை. ஆகவே நெடியதே உயர்ந்தது, குறியது இழிந்தது என்று வாதிடும் பழைமைவாதிகளோடு நமக்கு உடன்பாடு இல்லை.

எனினும் ஓர் உருவம் செழிப்பதும் தேய்வதும் அதன் உள்ளார்ந்த சிறப்பினால் மட்டும் நிகழ்வதன்று. பேராசிரியர் சிவத்தம்பி 1967இல் தமிழ்ச் சிறுகதையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்தார். பேராசிரியர் கைலாசபதி 1968இல் தமிழ் நாவலை ஆராய்ந்தார். இலக்கிய உருவத்தைச் சமூகத்தினின்றும் பிரித்து நோக்கலாகாது என்பது அவ்வாய்வுகளின் அடிப்படை. எம்மிடையே சிறுகதை பல்கியதற்கும் நாவல் அருகியதற்கும் எழுத்தாளரின் ஆற்றலை மட்டும் காரணங் காட்டுதல் பொருந்துமா? பத்திரிகையில் ஒரு பக்கம் இருந்தது. முந்நூறு பக்கங்களை அச்சிடப் பணம் இருக்கவில்லை. கிரிக்கெட்டுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

நெடிய ஆட்டத்தின் வரலாறு தூய்மையானதன்று. 1877இல் மெல்பேணில் முதலாவது டெஸ்ட் ஆடப்பட்டபோது அது ஓய்வுடைய கனவான்களின் உலகைச் சார்ந்திருந்தது. கூலி பெறாத கனவான் என்றும் கூலி பெறும் ஆட்டக்காரன் என்றும் வீரரை இரு சாதியாக வகுத்த வழக்கத்தை இங்கிலாந்து 1962இற்றான் கைவிட்டது. இலங்கையிலோ அவ்வாட்டம் கொழும்பின் கழகங்களிலும் பெரும் கல்லூரிகளிலும் வளர்ந்தது. சிங்களவர் கழகம், தமிழர் கழகம், சோனகர் கழகம், பறங்கியர் கழகம் எனக் கழகங்களின் பெயர்களே இனவாரியாக அமைந்திருந்தன. எல்கடுவையிலும் இறத்தோட்டையிலும் கொழுந்து பறித்தவர்க்கு இவற்றில் எக்கழகத்திலும் இடம் இருந்ததில்லை. ஐந்து நாள் அமர்ந்து ஆட்டம் பார்ப்பதென்றால் ஐந்து 'பேர்' இழக்க வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடப்படும் வாழ்க்கையில், ஐந்து நாள் ஓய்வு என்பது வெள்ளைத் துரைக்கும் அவன் பின்வந்த துரைக்கும் உரிய செல்வம்.

அச்செல்வத்தின் வேலியைக் குறுகிய ஆட்டம் ஓரளவு பிரித்தெறிந்தது. 1971இல் மெல்பேணில் மழையாற் கெட்டுப்போன ஒரு டெஸ்டுக்குப் பதிலாக முதல் ஒருநாள் பந்தயம் தற்செயலாகப் பிறந்தது. 1996இல் அவ்வுருவத்திலேயே இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது; மாத்தறையிலிருந்து வந்த சனத் ஜயசூரிய உலகின் பந்துவீச்சாளர்களை நடுங்கவைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தொடங்கி அன்றே முடியும் ஆட்டத்தைத் தொழிலாளி பார்த்தல் கூடும். இன்று எங்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள், புல்தரை ஆடுகளமும் தோற்பந்தும் இல்லாத நிலையிலே, தேயிலைத் தொழிற்சாலைக்கு அருகான சிறு சமதரையில் டென்னிஸ் பந்தினால் ஆறு ஓவர் ஆடுகின்றனர். அவர்களின் கிரிக்கெட் இதுதான். இதனை இகழ்பவர் கிரிக்கெட்டை நேசிப்பவர் அல்லர். கிரிக்கெட்டின் மேற்சட்டையை நேசிப்பவர்.

எனவே குறுகிய ஆட்டம் பிறந்தமை நம் வழக்கன்று. அது சந்தையின் கையிற் சென்று சேர்ந்த பின் நிகழ்ந்ததே நம் வழக்கு. 2003இல் இங்கிலாந்தின் கவுண்டிகள் மாலைப்பொழுதுக்கென இருபது ஓவர் ஆட்டத்தை வகுத்தன. 2008இல் இந்தியாவிலே அணிகள் ஏலத்தில் விலைபோயின. ஆட்டக்காரரும் ஏலத்தில் விலைபோயினர். 2023 முதல் 2027 வரையான ஐந்தாண்டுகளுக்கு அப்போட்டியின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விற்கப்பட்டது. மூன்றரை மணி நேரம் என்பது விளம்பரத்துக்கு வசதியான அளவு. இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே சரியாகப் பொருந்துவது. குறுந்தொகைப் புலவன் எட்டடியில் நிறுத்தியது உணர்வு அவ்வளவிலே நிறைந்தமையால். இங்கே அளவினைக் குறிப்பவன் ஒளிபரப்பாளன்.

மக்கள் விரும்புகின்றனர், ஆதலாற் சுருக்குகின்றோம் என்று இதற்கு விடை கூறப்படுகின்றது. 2025 கோடையில் இங்கிலாந்தும் இந்தியாவும் ஐந்து டெஸ்ட் பந்தயங்கள் ஆடின. ஐந்தும் ஐந்தாம் நாள்வரை சென்றன; கடைசிப் பந்தயத்தை இந்தியா ஆறே ஓட்டங்களால் வென்று தொடரை 2–2 எனச் சமன்செய்தது. அரங்குகள் நிரம்பி வழிந்தன. அவ்வாண்டு முழுவதிலும் இலங்கைக்குக் கிடைத்தவை நான்கே டெஸ்டுகள்: அவுஸ்திரேலியாவுடன் இரண்டு, வங்காளதேசத்துடன் இரண்டு. 2025 முதல் 2027 வரையான உலக டெஸ்ட் சம்பியன் சுற்றில் அவுஸ்திரேலியாவுக்கு 22, இங்கிலாந்துக்கு 21, இலங்கைக்கு 12. சர்வதேசப் பேரவையின் வருவாய்ப் பங்கீட்டில் இந்தியாவுக்கு 38.5 வீதமும் இலங்கைக்கு ஏறத்தாழ நாலரை வீதமும் என்றே செய்திகள் வெளிவந்தன. நெடிய ஆட்டம் சாகவில்லை. அது மூன்று பணக்கார நாடுகளின் தனியுடைமையாகி வருகின்றது. வறிய நாடுகளுக்கு எஞ்சியிருப்பது மாலைநேரச் சந்தைக்கு ஆட்களை அனுப்பும் பணி. தேயிலையைக் கொழுந்தாகப் பறித்துக் கொடுத்துவிட்டுத் தூளைத் தாம் அருந்தும் மக்களுக்கு இப்பொருளாதாரம் புதிதன்று.

2025 பெப்ரவரியில் தமது நூறாவது டெஸ்டுடன் திமுத் கருணாரத்ன ஓய்வுபெற்றார். ஆண்டுக்கு நான்கு பந்தயங்கள் மட்டும் என்றால் டெஸ்ட் ஆட்டக்காரன் தன்னை எவ்வாறு ஆயத்தமாக வைத்திருப்பது என்பதே அவரது ஆதங்கம். நான்கு மாதங்களின் பின் காலியில் அஞ்சலோ மெத்யூஸ் விடைபெற்றார். அவர்களின் இடத்தை நிரப்புவோர் எங்கே பயில்வர்? பொறுமை என்பது பிறவிக் குணமன்று, பழக்கத்தால் வருவது. 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரன், மலையகத் தமிழ்க் குடும்பமொன்றில் உதித்தவர், ஒரு துடுப்பாட்டக்காரனை மணிக்கணக்காக ஒரே இடத்திற் கட்டிவைத்து இறுதியில் ஒரு பந்தினால் ஏமாற்றிய வித்தையை நான்கு ஓவர் வீசியா கற்றார்?

ஆட்டக்காரரை நாம் ஏசவில்லை. லசித் மாலிங்க 30 டெஸ்டுகளுடன் 2011இல் நெடிய ஆட்டத்தைக் கைவிட்டு, தம் உடலைக் குறுகிய ஆட்டங்களுக்கெனச் சேமித்தார். அவரை ஒத்த வீச்சுடைய கண்டி இளைஞர் மதீஷ பத்திரண, இந்தியச் சந்தையில் 2022 முதல் புகழ்பெற்றிருந்தும், 2025 முடிய ஒரு டெஸ்டும் ஆடியதில்லை. வேகப்பந்து வீசுபவனின் தோளும் முழங்காலும் அவனுடைய உழைப்புச் சக்தி. அது சில ஆண்டுகளே நிலைக்கும். கூடிய கூலி தருபவனிடம் அதனை விற்கின்றான். 1977இல் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெரி பக்கரின் பின்னால் முன்னணி ஆட்டக்காரர் திரண்டமைக்கும் அற்பக் கூலி ஒரு காரணமாயிருந்தது. முதலாளி தன் நலனுக்காக வந்தான். ஆயினும் குறை உண்மையானது. குறைந்த கூலிக்கு ஐந்து நாள் ஆடு, அதுவே கலைத்தொண்டு என்று ஆட்டக்காரனிடம் உபதேசிப்பதும் ஒருவகைச் சுரண்டலே.

வனிந்து ஹசரங்கவின் கதை இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. நான்கே டெஸ்டுகள் ஆடிய அவர் 2023 ஓகஸ்டில் அவ்வடிவத்தினின்றும் ஓய்வுபெற்றார். 2024 பெப்ரவரியில் எமது தம்புள்ளை அரங்கில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்தின் முடிவில் நடுவரைக் கடிந்தமைக்காகத் தண்டனை பெற்றார். அடுத்த மாதம் ஓய்வைத் துறந்து டெஸ்ட் அணியிற் பெயர் பெற்றார். அதே வேளையில், வங்காளதேசத்தில் மீண்டும் நடுவருடன் முரண்பட்டமையால் தடையும் வந்தது. விதிப்படி அத்தடை இரண்டு டெஸ்டுகளிற் கழிந்தது. டெஸ்ட் அணியில் அவர் பெயர் இல்லாதிருந்தால் அது நான்கு இருபது ஓவர் ஆட்டங்களுக்கு, அதாவது உலகக் கிண்ணத்தின் தொடக்கப் பந்தயங்களுக்கு, நீண்டிருக்கும். எண்ணம் யாதாயினும் விளைவு வெளிப்படை: விளையாட்டின் மிக உயர்ந்த வடிவம் என மேடைதோறும் போற்றப்படுவது, குற்றம் கழிக்கும் இடமாகப் பயன்பட்டது. சமநிலை பற்றிய பேச்சுக்கு இதனினும் நல்ல உரை வேண்டுமோ?

தம்புள்ளையின் பெயரைத் தாங்கிய அணியின் கதையும் சுவையானது. 2020இல் லங்கா பிரிமியர் லீக் தொடங்கியபோது அது 'வைக்கிங்', அடுத்து 'ஜயன்ட்ஸ்', பின்னர் 'ஓரா', 2024இல் 'தண்டர்ஸ்'. அவ்வாண்டு மே மாதத்தில் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டின் பேரில் அதன் உரிமையாளர் கைதாக, அணி கைமாறி 'சிக்சர்ஸ்' ஆயிற்று. ஐந்து பருவங்களில் ஐந்து பெயர்கள்! அங்குள்ள பொருளாதார மத்திய நிலையத்தில் இரவோடு இரவாகக் கைமாறும் காய்கறி மூடைக்குக்கூட, விளைந்த ஊரின் பெயர் விற்கும்வரை நிலைத்திருக்கும்.

ஆகவே நாம் கேட்பது சமநிலையன்று, பங்கீடு. குறுகிய ஆட்டம் ஈட்டும் பணத்தில் ஒரு பகுதி, சிறிய நாடுகளின் ஐந்து நாள் ஆட்டங்களையும் அவற்றுக்கு ஆட்களை ஆயத்தம் செய்யும் உள்ளூர்ப் பந்தயங்களையும் தாங்குதல் வேண்டும். கொழும்பின் கழகங்களோடு நின்றுவிடாது, மாவட்டப் பாடசாலைகளுக்கு ஆடுகளமும் இரண்டு நாள் பந்தயமும் கிடைத்தல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளை ஆறு ஓவரை விரும்பித் தேர்ந்தால் அது விருப்பம். வேறெதுவும் அவன் கண்ணிற் காட்டப்படாதபோது அதனை விருப்பம் என்றழைத்தல் பொய்.

இவ்வுண்மை பெண்கள் கிரிக்கெட்டில் இன்னும் அப்பட்டமாகத் தெரிகின்றது. 2024 ஜூலை 28 அன்று தம்புள்ளையில் பெண்களுக்கான ஆசியக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. இந்தியா எடுத்த 165 ஓட்டங்களை இலங்கைப் பெண்கள் இரண்டே விக்கெட்டுகளை இழந்து கடந்தனர். ஹர்ஷிதா சமரவிக்கிரம ஆட்டமிழக்காது 69, தலைவி சமரி அத்தபத்து 61. மாவட்டமே மகிழ்ந்த மாலை அது. தோற்ற இந்திய அணியிற் பலர், அதே மாதத்தின் முதல் நாளன்றுதான் சென்னையில் தென்னாபிரிக்காவுடன் ஒரு டெஸ்டை ஆடி முடித்திருந்தனர். அதில் அவ்வணி 6 விக்கெட் இழப்புக்கு 603 ஓட்டங்கள் குவித்தது, ஷபாலி வர்மா 205. வென்ற இலங்கை அணியில் ஒருவரேனும் டெஸ்ட் ஆடியவர் அல்லர். இலங்கைப் பெண்கள் 2025 முடிய ஆடிய ஒரேயொரு டெஸ்ட், 1998 ஏப்ரலில் கொழும்பில் பாகிஸ்தானுக்கு எதிராக நடந்தது. அதில் 309 ஓட்டங்களால் வெற்றியும் பெற்றனர். அப்போது சமரிக்கு வயது எட்டு.