டாங்கியை வேட்டையாடும் வண்டிகள்: மூன்று மரபுகள், ஓர் அளவுகோல்

ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் மதுரையிலும் திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் ஊர்தோறும் உண்டு. அந்த வீடுகளுக்குப் போய்ச்சேரும் இந்த மலரில், டாங்கியை எதிர்த்து நிற்கும் வண்டிகளைப் பற்றி எழுதுவது பொருத்தம். இவற்றின் தரத்தைப் பீரங்கியின் பருமனை வைத்தோ கவசத்தின் கனத்தை வைத்தோ சொல்லிவிட முடியாது. சுடுவதற்காக எதிரியின் கண்ணில் எத்தனை விநாடி பட்டாக வேண்டும் என்பதே சரியான அளவுகோல்.

முதல் மரபு ஜெர்மனியுடையது. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படை, சுழலும் மேற்கூண்டை நீக்கிவிட்டுப் பீரங்கியை வண்டியின் உடலிலேயே பொருத்தியது. இதனால் செலவு குறைந்தது, உயரமும் குறைந்தது; அதே அடிச்சட்டத்தில் இன்னும் பெரிய பீரங்கியை ஏற்றவும் முடிந்தது. பாந்தர் டாங்கியில் இருந்தது 75 மி.மீ. பீரங்கி, அதே அடிச்சட்டத்தில் உருவான யாக்ட்பாந்தரில் 88 மி.மீ. சுமார் 2.16 மீட்டர் உயரமே உள்ள, இதே வகை ஸ்டூக்-3 வண்டி புதர் மறைவில் எளிதாகப் பதுங்கும். ஆனால் பக்கவாட்டில் எதிரி வந்தால் முழு வண்டியையுமே திருப்பியாக வேண்டும். 1943இல் கூர்ஸ்க் போரில் இறங்கிய 65 டன் ஃபெர்டினாண்டில் இயந்திரத் துப்பாக்கியே கிடையாது. நெருங்கிவரும் காலாட்படையை அதனால் தடுக்க முடியவில்லை. கனம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது மரபில் நமக்குச் சொந்தப் பெருமை உண்டு. ஜீப்பின் மீது 106 மி.மீ. ஆர்.சி.எல். கன், அதாவது பின்னுதைப்பற்ற பீரங்கி. வெடிவாயுவின் ஒரு பகுதி பின்புறமாக வெளியேறிப் பின்னுதைப்பைச் சமன் செய்வதால் இலேசான ஜீப்பே அதைத் தாங்கும். ஆனால் பின்னால் கிளம்பும் தீயும் புழுதியும் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், கவசமும் கிடையாது. 1965 செப்டம்பர் 10, இந்திய-பாகிஸ்தான் போரில் பஞ்சாபின் அசல் உத்தர் களம். 4ஆவது கிரெனேடியர்ஸ் படைப்பிரிவின் ஹவில்தார் அப்துல் ஹமீது, முன்னால் வந்த பாட்டன் டாங்கியை அடித்தார். உடனே இடம் மாறி அடுத்ததை அடித்தார். எதிரியின் குண்டுமழைக்கு நடுவிலும் சுடுவதை நிறுத்தாமல் உயிர் நீத்தார். பரம்வீர் சக்ரா பெற்ற அவரே அந்த மரபின் இலக்கணம்.

மூன்றாவது ஏவுகணை மரபு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி 90 மி.மீ. பீரங்கியுடன் கனோனன்யாக்ட்பான்சரைச் செய்தது. புதிய சோவியத் கவசத்துக்கு முன் அந்தப் பீரங்கி போதவில்லை. 1980களில் அவற்றில் 162 வண்டிகள் டோ ஏவுகணை தாங்கும் ஜாகுவார்-2 ஆக மாற்றப்பட்டன. இந்தியாவில் 1970இல் ஹைதராபாத்தில் தொடங்கிய பாரத் டைனமிக்ஸ் முதலில் தயாரித்தது பிரெஞ்சு எஸ்.எஸ்.11. கம்பிவழிக் கட்டளையில் பறக்கும் அந்த ஏவுகணையை, 3 கி.மீ. தொலைவு போய்ச்சேரும் வரை சுமார் 20 விநாடி வீரர் கைப்பிடியால் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த தலைமுறையான மிலனிலும் கொங்கூர்ஸிலும் குறியை இலக்கின் மேல் பிடித்திருந்தால் போதும். ஆனால் அடி விழும்வரை கண்ணை எடுக்க முடியாது.

அந்தக் கட்டை அவிழ்த்தது நாக். 1983இல் ராமேசுவரத்து அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தின் ஐந்தில் ஒன்று. இலக்கின் வெப்பப் பிம்பத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்; ஏவியதும் வண்டி இடம் மாறிவிடலாம். கவசம் மெலிந்த மேற்புறத்தில் பாயும். அது எட்டும் தொலைவு 4 கி.மீ.; மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து வண்டியூர் தெப்பக்குளத்துக்கு நேர்கோட்டில் உள்ள தூரத்தைவிடச் சற்று அதிகம். அதைச் சுமக்கும் நாமிகா, பி.எம்.பி.-2 அடிச்சட்டத்தில் அமைந்தது. ஆறு ஏவுகணைகள் ஏவத் தயாராக இருக்கும். 2020 அக்டோபரில் பொக்ரானில் இறுதிச் சோதனை நடந்தது. 2025 மார்ச்சில் நாக் அமைப்புக்காகச் சுமார் 1,801 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் பெற்றது ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம்.

தொடக்கத்திலிருந்து ஒப்பந்தம் வரை நாற்பதாண்டுக்கு மேல். நாக் தரத்தில் தேறியது, காலத்தில் பிந்தியது. அந்தத் தாமதத்தைக் குறைக்கும் வேலை வெப்ப உணரி, உலோகவியல், மென்பொருள் படிக்கும் இளைஞர்களிடம்தான் இருக்கிறது. மதுரைப் பொறியியல் கல்லூரி மாணவர்களே, ஆவடிக்கும் ஹைதராபாத்துக்கும் போக விண்ணப்பியுங்கள். ஹமீதுகளுக்கு வீரம் என்றும் உண்டு. நல்ல வண்டியை உரிய காலத்தில் கொடுப்பது நம் கடமை.