எல்லையும் குறையும்: ஸ்பெக்ட்ரம் கணிப்பொறி - ஒரு மதிப்பீடு

ஒரு செய்யுளை மதிப்பிடப் புகுவோர் முதற்கண் செய்ய வேண்டிய பணி, அதன் எல்லை யாது, குறை யாது எனப் பிரித்தறிவதாகும். குறள் வெண்பா ஈரடியில் முடிகின்றது. அஃது அதன் எல்லை. குறையென்று எவரும் கூறார். அவ்வீரடியினுள் தளை தட்டுமாயின் அது குறை. அதனை அழகென்று எவரும் பாராட்டார். எளிய இவ்வேறுபாடு செய்யுளுக்கு மட்டுமன்றி, மனிதன் தன் அறிவால் ஆக்கும் கருவிகளுக்கும் பொருந்தும். ஆயினும், கருவிகளைப் பற்றி எழுதுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பழைய கருவியொன்றை விரும்புவோர் அதன் குறையையும் அழகென்கின்றனர். வெறுப்போர் அதன் எல்லையையும் குறையென்கின்றனர்.

இவ்விருவகைப் பிழைக்கும் ஆளான கருவி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் 1982 ஏப்ரல் 23ஆம் நாள் வெளியிட்ட இசட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் இல்லக் கணிப்பொறியே அது. 50 இலட்சத்திற்கு மேல் விற்பனையாகி, 1992இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அக்கருவிக்கு இன்றும் புதிய நிரல்கள் எழுதப்படுகின்றன. வணிகப் பொருளாக மடிந்த ஒன்று, நினைவில் மட்டுமன்றிப் பயன்பாட்டிலும் வாழ்வதற்குக் காரணம் யாது? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் ஏற்றமும்

1977ஆம் ஆண்டிலேயே வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க கணிப்பொறிகள் அமெரிக்காவில் தோன்றிவிட்டன. எனினும் அவற்றின் விலை பிரிட்டனின் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாததாகவே இருந்தது. அத்தடையை உடைத்தவர் கிளைவ் சின்கிளேர். அவருடைய நிறுவனம் 1980இல் இசட் எக்ஸ் 80 என்னும் கருவியை 100 பவுனுக்குச் சற்றுக் குறைவாகவும், 1981இல் இசட் எக்ஸ் 81 என்பதை 70 பவுனுக்குச் சற்றுக் குறைவாகவும் விற்றது. இவை கறுப்பு வெள்ளையில் மட்டுமே காட்டின; ஒலி எழுப்பும் ஆற்றலும் இவற்றிற்கு இல்லை. அடுத்து வந்த ஸ்பெக்ட்ரம் வண்ணத்தையும் ஒலியையும் சேர்த்துக்கொண்டது. 16 கிலோபைட் நினைவகம் உடைய கருவியின் விலை 125 பவுன். 48 கிலோபைட் உடையதன் விலை 175 பவுன். அந்நாளில் பிபிசியின் பெயரைத் தாங்கிப் பிரிட்டனின் பள்ளிகளுக்குள் நுழைந்த ஏக்கார்ன் நிறுவனக் கணிப்பொறியின் மேம்பட்ட வகை இதனைவிட இருமடங்கிற்கும் மேற்பட்ட விலையுடையதாய் இருந்தது.

இக்கருவியின் உள்ளமைப்பை வகுத்தவர் ரிச்சர்டு ஆல்ட்வாசர். அதற்குரிய பேசிக் மொழியை எழுதியவர் ஸ்டீவ் விக்கர்ஸ். புறத்தோற்றத்தை வரைந்தவர் ரிக் டிக்கின்சன். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், கடிகாரங்களுக்குப் பெயர்பெற்ற டைமெக்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையில் இது உருவாக்கப்பட்டது. சிக்கனமே இதன் இலக்கணம். வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியே இதற்குத் திரை. வீட்டிலுள்ள ஒலிநாடாப் பெட்டியே நிரல்களைச் சேமிக்கும் களம். தட்டச்சுப் பொறியின் விசைகளுக்குப் பதிலாக ஒரே ரப்பர்த் தகட்டில் எழுந்து நின்ற 40 விசைகள் இருந்தன.

இக்கருவியைத் தொலைக்காட்சியில் இணைத்து மின்சாரம் பாய்ச்சினால் தோன்றுவது, அடியில் ஒரே வரி எழுதப்பட்ட வெண்திரை. விளையாட்டும் இல்லை, பட்டியலும் இல்லை. விசையொன்றை அழுத்தினால் ஓர் எழுத்துக்கு மாறாக ஒரு கட்டளைச் சொல்லே முழுமையாகத் திரையில் வந்து நிற்கும். ‘பி’ என்னும் விசை ‘பிரிண்ட்’ என்னும் கட்டளையைத் தரும். உடன் வந்த கையேடோ பேசிக் மொழியைப் படிப்படியாகக் கற்பித்தது. இதழ்கள் முழு நிரல்களையும் வரிவரியாக அச்சிட்டன. சிறுவர்கள் அவற்றைப் பார்த்துத் தட்டெழுதினர். ஒரு குறி பிறழ்ந்தாலும் நிரல் இயங்காது. பிழை யாண்டு உளதெனத் தேடித் திருத்தும்போது பிறர் எழுதியதன் பொருள் விளங்கலாயிற்று. பார்த்தெழுதிப் பயில்வதன் பயனை ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இக்கருவியை வாங்கியோர் அனைவரும் நிரல் எழுதுநராயினர் என்று கூறுவது உயர்வு நவிற்சியாகும். பெரும்பாலோர் கடையில் வாங்கிய விளையாட்டுகளை ஒலிநாடாவிலிருந்து ஏற்றி ஆடியவர்களே. ஆயினும், ஆடுவோரும் ஒவ்வொரு முறையும் அந்த வெற்றுத்திரையைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. எழுத விரும்புவோர்க்கு இடம் எப்பொழுதும் திறந்தே இருந்தது என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

எல்லையே யாப்பாதல்

ஸ்பெக்ட்ரத்தின் திரை கிடையாக 256 புள்ளிகளும் நெடுக்காக 192 புள்ளிகளும் கொண்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே வண்ணம் குறிப்பதாயின், இருக்கும் நினைவகத்தின் பெரும்பகுதியைத் திரையே விழுங்கிவிடும். ஆதலால், திரை 768 சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே வண்ணங்கள் இடம்பெறலாம். இதனால் முழுத்திரையும் 6,912 பைட்டுகளில் அடங்கியது. ஆனால், ஓர் உருவம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்குள் நுழையும்போது, அங்கிருந்த பொருளின் வண்ணமும் மாறிவிடும். இந்த நிறமோதலை எள்ளாதவர் இல்லை.

எள்ளியோர் காணத் தவறியதைப் படைப்பாளர் கண்டனர். 1984இல் அல்டிமேட் நிறுவனம் வெளியிட்ட நைட் லோர் என்னும் விளையாட்டு, ஓர் அறைக்கு ஒரே வண்ணம் என வரையறுத்துக்கொண்டு, வண்ணத்தால் பெற முடியாததைக் கோட்டோவியத்தால் பெற்றது. தட்டைத் திரையில் நீள, அகல, உயரங்கள் மூன்றும் தோன்றின. அதே ஆண்டில் மைக் சிங்கிள்டன் படைத்த லார்ட்ஸ் ஆஃப் மிட்நைட் இன்னும் வியப்பிற்குரியது. ஏறத்தாழ 4,000 இடங்கள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் எட்டுத் திசைகளில் காட்சி. ஆகச் சற்றேறக்குறைய 32,000 காட்சிகள். இத்தனை ஓவியங்களையும் 48 கிலோபைட்டில் சேமிக்க எவராலும் இயலாது. சிங்கிள்டன் ஓவியங்களைச் சேமிக்கவில்லை. மலை, காடு, கோபுரம் ஆகியவை இன்ன தொலைவில் இன்ன அளவில் தோன்றும் என்னும் விதியைச் சேமித்தார். அவ்விதியிலிருந்து ஒவ்வொரு காட்சியும் அவ்வப்போது பிறந்தது. நினைவகம் தாராளமாக இருந்திருப்பின், இத்தகைய உத்திக்கு அன்று அவர்க்குத் தேவை நேர்ந்திராது. எல்லை ஈண்டு யாப்பாயிற்று.

வீழ்ச்சி

இனிக் குறைகளை நோக்குவோம். அஞ்சல்வழி விற்கப்பட்ட ஸ்பெக்ட்ரம், வாக்களித்த நாளில் பலருக்கும் வந்து சேரவில்லை. விசைகளின் அடியிலிருந்த மெல்லிய தகடு நாளடைவில் விறைத்து வெடித்தது. இவை யாப்பல்ல, வாங்குவோர்க்கு அளித்த உறுதி பிறழ்ந்தமை. தொடக்கத்தில் மக்கள் இவற்றைப் பொறுத்தனர். பொறுத்ததனால் நிறுவனம் திருந்தவில்லை என்பதே வரலாறு காட்டும் உண்மை.

1984 ஜனவரியில் கியூ எல் என்னும் புதிய கணிப்பொறியை நிறுவனம் அறிவித்தது. அறிவிப்பின்போது அக்கருவி முழுமை பெற்றிருக்கவில்லை. மாதங்கள் கடந்து வந்து சேர்ந்த முதற்கருவிகளில், உள்ளே இருக்க வேண்டிய நிரலின் ஒரு பகுதி புறத்தே ஒரு சிறு பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. 1985 ஜனவரியில் சி5 என்னும் மூன்று சக்கர மின்வண்டி வெளியிடப்பட்டு நகைப்பிற்கு இடமாயிற்று. அவ்வாண்டிலேயே அதன் உற்பத்தியும் நின்றது. இல்லக் கணிப்பொறிச் சந்தையும் அக்காலத்தில் தளர்ந்து, விற்காத சரக்கு தேங்கியது. 1986 ஏப்ரலில் கணிப்பொறித் தொழிலையும் பெயருரிமையையும் ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்திற்கு 50 இலட்சம் பவுனுக்கு விற்க நேர்ந்தது. ஆம்ஸ்ட்ராட் உறுதியான விசைப்பலகையும் உடன் பொருத்திய ஒலிநாடாக் கருவியும் சேர்த்து, ஸ்பெக்ட்ரத்தை மேலும் ஆறாண்டுகள் வாழவைத்தது.

எனவே, நிறுவனம் வீழ்ந்தது கருவியின் எல்லையால் அன்று. உரைத்த சொல்லைக் காவாத குறையாலேயாம். ரப்பர் விசையும் நிறமோதலும் உடைய ஸ்பெக்ட்ரம், அதனினும் ஆற்றல் மிக்கதாய் அறிவிக்கப்பட்ட கியூ எல்லைக் கடந்தும் விற்பனையில் நின்றமை இதற்குச் சான்று.

அன்பர்களின் பணி

1992இற்குப் பின் இக்கருவியைக் காத்தவர்கள் அதன் அன்பர்களே. ஒலிநாடாவின் காந்தப் பூச்சு காலத்தால் கெடுவது. கரையானுக்கு இரையாகும் ஏட்டுச்சுவடியை ஒத்தது. அன்பர்கள் நாடாக்களைத் தேடித் திரட்டி, அவற்றிலுள்ள நிரல்களைப் புதிய வடிவில் பெயர்த்தனர். இதழ்களையும் கையேடுகளையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்தனர். இன்றைய கணிப்பொறியில் பழைய ஸ்பெக்ட்ரம் போன்றே இயங்கும் போலச்செய் நிரல்களையும் எழுதினர். 1999இல் ஆம்ஸ்ட்ராட், தன் உரிமையிலிருந்த அடிப்படை நிரலைப் போலச்செய் நிரல்களோடு வழங்க இசைவளித்தமை இப்பணிக்குப் பெருந்துணையாயிற்று. உரிமையாளர் சிலர் தம் விளையாட்டுகளுக்கு அத்தகைய இசைவை மறுத்தனர். சட்டத்தின் நியாயமும் பாதுகாப்பின் நியாயமும் ஈண்டு முரண்படுகின்றன. இரண்டையும் மதித்தே திறனாய்வாளர் பேச வேண்டும்.

கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் நாட்டிலும் இவ்வன்பு வேறொரு வழியில் வளர்ந்தது. மேலைநாட்டுக் கணிப்பொறிகள் எளிதிற் கிடைக்காத அந்நாடுகளில், உள்ளூர்ப் பொறியாளர்கள் ஸ்பெக்ட்ரத்தின் அமைப்பை ஆராய்ந்து தாமே படிகளை உருவாக்கினர். சுலோவாக்கியாவின் டிடாக்டிக், ரஷ்யாவின் பென்டகன் ஆகியவை அவற்றுட் சில. எளிய அமைப்புடைய கருவியாதலின், அதனை முழுவதும் புரிந்துகொள்ளவும் மீண்டும் ஆக்கவும் தனியொருவராலும் இயன்றது. எல்லை மீண்டும் நன்மையாயிற்று.

டண்டீயின் டைமெக்ஸ் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. ஆயினும், அங்குப் பணியாற்றிய டேவிட் ஜோன்ஸ் நிறுவிய டி எம் ஏ டிசைன் 1991இல் லெம்மிங்ஸ் என்னும் விளையாட்டை வெளியிட்டு உலகப்புகழ் பெற்றது. கணிப்பொறி விளையாட்டுத் தொழிலுக்குரிய நகராக டண்டீ பின்னர் அறியப்பட்டது.

நினைவேக்கமும் மதிப்பீடும்

அன்பு கண்மூடித்தனமாகும்போது அதனைப் பயன்படுத்திக்கொள்வோரும் தோன்றுவர். 2016இல் கையடக்க ஸ்பெக்ட்ரம் ஒன்று வரும் என்று கூறி, பொதுமக்களிடம் 5 இலட்சம் பவுனுக்கு மேல் திரட்டப்பட்டது. பணம் செலுத்தியோருள் பெரும்பாலோர்க்குக் கருவி கிட்டவில்லை. நிறுவனம் 2019இல் கலைக்கப்பட்டது. பழைய குறையையும் அழகென்று போற்றப் பழகியோர், புதிய குறையைக் காலத்தில் காண மாட்டார்கள் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடம். இதற்கு மாறாக, 2017இல் 7 இலட்சம் பவுனுக்கு மேல் திரட்டிய ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட், காலந்தாழ்ந்தேனும் 2020இல் வாங்கியோர் கைகளைச் சேர்ந்தது. முதற்கருவியை வரைந்த டிக்கின்சனே இதற்கும் உருவம் வரைந்தார். அது வெளிவருமுன் 2018இல் அவர் மறைந்தார். சின்கிளேரும் 2021இல் மறைந்தார்.

2024இல் ரப்பர் விசைகளோடு ஸ்பெக்ட்ரம் மீண்டும் கடைகளுக்கு வந்தது. உள்ளே 48 விளையாட்டுகள் உள்ளன. பேசிக் மொழியும் உண்டு. ஆனால், தொடங்கியவுடன் கண்முன் நிற்பது விளையாட்டுப் பட்டியலே. உருவம் திரும்பிவிட்டது, வாயிலில் இருந்த வெற்றுத்திரையோ உள்ளறைக்குச் சென்றுவிட்டது. முன்னது அருங்காட்சியகத்திற்குரியது, பின்னதே வகுப்பறைக்குரியது.

இவ்வேறுபாட்டைக் கேம்பிரிட்ஜ் நகரிலேயே சிலர் உணர்ந்தனர். கணிப்பொறியியல் பயில வரும் மாணவரின் எண்ணிக்கையும் நிரல் எழுதும் பயிற்சியும் குறைந்து வருவதைக் கண்டு, 1980களின் இல்லக் கணிப்பொறிகள் ஆற்றிய பணியை மீண்டும் ஆற்றும் மலிவான கருவியொன்றை ஆக்க முனைந்தனர். 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை அதன் விளைவு. அஃது ஸ்பெக்ட்ரத்தின் உருவத்தைப் பின்பற்றவில்லை, பயனைப் பின்பற்றியது.

ஸ்பெக்ட்ரம் சிறந்த கணிப்பொறியா எனின், அதன் காலத்திலேயே அதனினும் சிறந்தவை இருந்தன. அது நன்கு செய்யப்பட்ட பொருளா எனின், அன்று என்றே விடையிறுக்க வேண்டும். ஆயின், எளியோரும் வாங்கத்தக்க விலையில், முழுவதும் புரிந்துகொள்ளத்தக்க அளவில், எழுதுக என்று அழைத்த கருவி அது. அவ்வழைப்பினாலேயே அது வாழ்கின்றது. மாணவர் கையில் நாம் இன்று கொடுக்கும் கருவிகள் எண்ணற்றவற்றைச் செய்து காட்டுகின்றன. அவற்றுள் எது மாணவனை எழுத அழைக்கின்றது என்று ஆசிரியர் கேட்பாராயின், ஸ்பெக்ட்ரத்தின் வரலாற்றைக் கற்றதன் பயன் அதுவேயாகும்.